1351-ல செஞ்ச ரெண்டு டிராகன் ஜாடி, அதை உலகம் நம்புறதுக்குள்ள ஆன கதை

சீனாவோட நீல-வெள்ளை பீங்கான்ல டிராகன் வரைஞ்ச ஜாடி, தட்டு, கிண்ணம்னு எடுத்தா கணக்கே கிடையாது. ஆனா இதுல எது எந்தக் காலம்னு பேச ஆரம்பிச்சா எந்த நிபுணரா இருந்தாலும் சுத்தி சுத்தி வந்து நிக்கிற இடம் ஒண்ணுதான், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தோட 95-ஆம் அறையில இருக்கிற ஒரு ஜோடி பூஜாடி. டேவிட் ஜாடிகள்னு பேரு. உயரம் 63 செ.மீ. சொச்சம், அதாவது ஒரு சின்னப் பிள்ளையோட இடுப்பு உயரம் தாண்டும். கழுத்துல தேதி எழுதியிருக்கு, நம்ம கணக்குல 1351. இந்தத் தேதியை ஏன் நம்பணும், யார் நம்பல, அப்புறம் எதனால நம்பினாங்க, இன்னைக்கும் அதுல என்ன இடிக்குது, இதைத்தான் இங்க ஒண்ணொண்ணா பாக்கப் போறேன்.

முதல்ல பொருளை ஒழுங்கா பாத்துருவோம், பாக்காம பேசுறதுதான் இந்தத் துறையில பாதி வம்புக்குக் காரணம்.

மேல இருந்து கீழ வாங்க. வாய் ஓரமா செவ்வந்திக் கொடி ஓடுது. அதுக்குக் கீழ கழுத்துல நுனி மேல பாத்த மாதிரி வாழை இலை வரிசை, எழுத்து எல்லாம் அந்த இலைகளுக்கு நடுவுல மேல இருந்து கீழா எழுதினது. அடுத்து மேகத்துக்கு நடுவுல பறக்குற ஃபீனிக்ஸ் பறவை. கழுத்துக்கு ரெண்டு பக்கமும் யானைத்தலை வடிவத்துல கைப்பிடி, அந்தத் துதிக்கையில ஒரு காலத்துல வளையம் தொங்கியிருக்கு, இப்ப இல்ல. தோள்ல தாமரைக் கொடி. உடம்பு முழுக்க சுத்தி வளைஞ்சு டிராகன். அதுக்குக் கீழ கடல் அலை, அப்புறம் பியோனி பூக்கொடி, அடியில கட்டம் கட்டமா இதழ், ஒவ்வொரு இதழுக்குள்ளயும் ஒரு மங்கலப் பொருள். எட்டு வரிசை அலங்காரம் இருந்தும் எதுவும் எதையும் இடிக்கல, அதைத்தான் நான் முதல்ல கவனிக்கச் சொல்லுவேன். வரைஞ்சவன் முழு ஜாடியையும் மனசுக்குள்ள வெச்சுக்கிட்டுதான் தூரிகையை எடுத்திருக்கான்.

ஏன்னா இதுல அழிச்சு எழுத முடியாது. சுடாத பச்சை மண்ணு மேல நீலம் தர்ற கோபால்ட் பொடியைத் தண்ணியில கரைச்சு நேரா வரையணும், மண்ணு தண்ணியை உடனே உறிஞ்சிரும், கை நின்ன இடத்துல சாயம் தேங்கிரும். அதுக்கு மேல கிளேஸ் (சுட்டா கண்ணாடி மாதிரி ஆகுற பூச்சு) பூசி, சூளையில கிட்டத்தட்ட 1300 டிகிரி சூட்டுல ஒரே தடவை சுடுவாங்க. வரையும்போது சாயம் சாம்பல் கலந்த கருப்பாத்தான் இருக்கும், அந்த நீலம் எப்படி வரும்னு சூளை திறக்குற வரைக்கும் யாருக்கும் தெரியாது. இந்த அளவு ஜாடியை ஒரே மூச்சுல சக்கரத்துல எடுக்கவும் முடியாது, துண்டு துண்டா செஞ்சு ஒட்டினது. ஒரே மாதிரி ரெண்டு, கோணாம வெடிக்காம வெளிய வந்திருக்குன்னா அந்த ஊரோட கைத்திறன் அப்பவே எங்க இருந்திருக்குன்னு யோசிச்சுக்கோங்க. யுவான் வம்சம்னா மங்கோலியர் ஆட்சி, ஊரு ஜியாங்ஷி மாகாணத்து ஜிங்டெசென். அங்க 1278-லயே அரசாங்கம் பீங்கானுக்குன்னு தனி அலுவலகம் வெச்சிருச்சு.

டிராகனுக்கு வருவோம். யுவானுக்கு ரொம்பப் பிந்தின சிங் வம்ச காலத்து டிராகன் மாதிரி கொழுகொழுன்னு முகத்தை நேரா காட்டிக்கிட்டு இருக்காது இது. சின்னத் தலை, ஒல்லிக் கழுத்து, நீளமான செதில் உடம்பு, தாடி, விரிச்ச நகம், வேகமா எங்கயோ போய்க்கிட்டு இருக்குற மாதிரி. நகத்தை எண்ணினா ஒரு பாதத்துக்கு நாலு. இந்த நாலுக்கு அர்த்தம் இருக்கு. 1314-ல யுவான் அரசு போட்ட உடை விதியில டிராகன், ஃபீனிக்ஸ் உருவம் போட்ட துணி உடுத்தக் கூடாதுன்னு தடை வருது, கூடவே டிராகன்னா அஞ்சு நகமும் ரெண்டு கொம்பும் உள்ளதுதான்னு விளக்கமும் வருது. அதாவது நாலு நகம் போட்டா சட்டப்படி அது அந்த டிராகனே கிடையாது. தனி ஆள் ஒருத்தர் ஆர்டர் கொடுத்த ஜாடியில நாலு நகம் இருக்குறது அந்தக் காலத்துக்குப் பொருந்திப் போகுது. ஆனா "அஞ்சுன்னா ராஜா, நாலுன்னா பிரபு, மூணுன்னா சாமானியன்"னு ஒரு வாய்ப்பாடு சுத்துதே, அதை எல்லாக் காலத்துக்கும் போட்டுப் பாக்காதீங்க. விதி காலத்துக்குக் காலம் மாறியிருக்கு, பிற்காலத்துல தனியார் சூளைக்காரங்க அஞ்சு நகம் போட்டு தாராளமா வித்துருக்காங்க, அதனால நகத்தை மட்டும் எண்ணி அரண்மனைச் சாமான்னு முடிவு கட்டுறது அபத்தம்.

இப்ப எழுத்து. ஒரு ஜாடியில 62 எழுத்து இருக்கு, இன்னொண்ணுலயும் கிட்டத்தட்ட அதேதான். சாரம் இதுதான்: ஷின்ஜோ வட்டாரம், யூஷான் மாவட்டம், ஷுன்செங் பகுதி, தெஜியாவ் கிராமம், ஜிங்டாங் குடியிருப்பைச் சேர்ந்த பக்தன் ஜாங் வென்ஜின், ஒரு தூபக்காலும் பூஜாடிகளும் சேர்ந்த ஒரு செட்டை மகிழ்ச்சியோட காணிக்கையா கொடுக்கிறேன், குடும்பம் முழுக்க நல்லா இருக்கணும், பிள்ளைங்க சுகமா இருக்கணும், ஜீஜெங் ஆட்சிக்காலத்து 11-ஆம் வருஷம் (அதுதான் 1351) நாலாம் மாசம் நல்ல நேரம், ஷிங்யுவான் மூலக்கோயில்ல தளபதி ஹூ ஜிங்யிக்குப் படையல். ஹூ ஜிங்யி இறந்ததுக்கப்புறம் தெய்வமா கும்பிடப்பட்ட ஒரு தளபதி. ஷிங்யுவான்ங்கிறது இன்னைய வூயுவான், ஜிங்டெசென்னுக்கு அந்தப் பக்கம்தான்.

படிச்சா நமக்கு சிரிப்பு வரும், ஏன்னா இது நம்ம கோயில் டியூப்லைட்ல வெளிச்சத்தையே மறைக்கிற மாதிரி எழுதுவாங்களே, இன்னார் உபயம்னு ஊர் பேர் குடும்பப் பேரோட, அச்சு அசல் அதேதான். ராஜா கட்டளை கிடையாது, சக்கரவர்த்தி முத்திரை கிடையாது, ஒரு குடும்பஸ்தன் சாமிக்கு வேண்டிக்கிட்டு விலாசம் சகிதம் எழுதி வெச்சிருக்கான். விலாசத்தை இவ்வளவு விலாவாரியா எழுதினது எனக்கு ரொம்ப முக்கியமா படுது, காரணத்தைக் கீழ சொல்றேன்.

அந்த வேண்டுதலுக்கும் காலம் சரியாத்தான் அமைஞ்சிருக்கு. அந்த வருஷம் நாலாம் மாசம்தான் மஞ்சள் ஆத்தைத் திருப்புறதுக்கு மங்கோலிய அரசு ஜனங்களைக் கூட்டம் கூட்டமா வேலைக்குப் பிடிச்சுது, அடுத்த மாசமே செந்தலைப்பாகைக் கலகம் வெடிச்சுது, 1352-ல கலகக்காரங்க ஜிங்டெசென் இருக்குற வட்டாரத்துக்கே வந்துட்டாங்க. 1368-ல யுவான் வம்சமே காலி. ஜாங் வென்ஜின் குடும்பம் அதுல தப்பிச்சுதா இல்லையான்னு எந்தப் பதிவும் இல்ல.

சரி, இது எப்படி லண்டன் போச்சு? பெர்சிவல் டேவிட்னு ஒருத்தர், 1892-ல பம்பாயில பிறந்தவர், பாக்தாத்துல இருந்து வந்த யூதக் குடும்பம், அப்பா சாசூன் டேவிட் பம்பாயில பெரிய பஞ்சு வியாபாரி, பேங்க் ஆஃப் இந்தியாவை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். நம்ம ஊர் மில்லுப் பணம் சீனப் பீங்கானா மாறின கதைன்னும் சொல்லலாம். பையன் பெர்சிவல் சீன மொழியே கத்துக்கிட்டு, வெறும் பணக்கார ஆசையில வாங்காம, எழுத்து உள்ளது, தேதி உள்ளது, பழைய நூல்கள்ல பேர் வர்றதுன்னு தேடித் தேடி வாங்கினார். இந்த ரெண்டு ஜாடியும் அப்ப பிரிட்டன்ல ரெண்டு வேற சேகரிப்பாளர்கள் கையில தனித்தனியா இருந்துச்சு, ஒண்ணு ரஸ்ஸல், இன்னொண்ணு எல்ஃபின்ஸ்டோன். ரெண்டையும் வெவ்வேறு சமயத்துல வாங்கி ஜோடி சேர்த்தது டேவிட்தான். பிரிஞ்ச ஜோடியைச் சேர்க்கிறது எவ்வளவு கஷ்டம்னு பழம்பொருள் வாங்குறவங்களுக்குத் தெரியும்.

1929-லயே பிரிட்டிஷ் மியூசியத்து ஹாப்சன் இந்த ஜோடியைப் பத்தி கட்டுரை எழுதிட்டாரு, தேதியைப் படிச்சு யுவான்னு சொல்லிட்டாரு. உலகம் எழுந்து நின்னு கை தட்டியிருக்கணும், ஆனா இருபது வருஷத்துக்கு மேல பெருசா ஒண்ணும் நடக்கல. காரணம் அப்ப எல்லார் மனசுலயும் இருந்த ஒரு படம். நீல-வெள்ளைன்னா யுவானுக்கு அடுத்து வந்த மிங் வம்சம், அதுவும் 15-ஆம் நூற்றாண்டு. யுவானுக்கு வேணும்னா ஏதோ தட்டுத்தடுமாறி வரைஞ்ச சில சின்ன சாமான் இருந்திருக்கலாம்னு நினைப்பு. இவ்வளவு முத்தின கை 1351-லயே இருந்துச்சுன்னா பாடப்புத்தகத்தை மாத்தி எழுதணும், அதை விட எழுத்து சந்தேகம்னு ஒதுக்கி வைக்கிறது சுலபம்.

சீனாவுக்குள்ளயே இதுக்குப் பெரிய மரியாதை இல்லாததும் ஒரு காரணம். 1388-ல சாவ் ஜாவ் எழுதின கெகு யாவ்லுன்னு ஒரு பழம்பொருள் ரசனை நூல் இருக்கு, அதுல நீலப்பூ போட்ட பீங்கானையும் பல வண்ணப் பூ போட்டதையும் ரொம்ப மட்டரசனைன்னு ஒரே வரியில தள்ளிட்டாரு. படிச்ச பெரிய மனுஷங்களுக்குப் பிடிச்சது ஒரே நிறத்துல அடக்கமா இருக்குற, யுவானுக்கு முந்தின சோங் காலத்துச் சாமான்தான். ஜோக் என்னன்னா அந்த நூலை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தது வேற யாருமில்ல, இதே பெர்சிவல் டேவிட்தான், அவர் 1964-ல காலமானதுக்கப்புறம் 1971-ல வெளியாச்சு. உலகத்துலயே பேர் போன நீல-வெள்ளை ஜோடியைத் தன்கிட்ட வெச்சுக்கிட்டு, அது மட்டரசனைன்னு சொன்ன ஆளோட புஸ்தகத்துக்கு வருஷக்கணக்கா உழைச்சிருக்காரு மனுஷன்.

இந்த வழக்கைத் திருப்பினது ஒரு அமெரிக்கர், வாஷிங்டன் ஃப்ரீயர் கேலரியோட ஜான் அலெக்சாண்டர் போப். அவர் ஜாடியை விட்டுட்டு வேற பக்கம் போனாரு. இஸ்தான்புல் டோப்காபி அரண்மனையில ஒட்டோமான் சுல்தான்கள் சேர்த்து வெச்ச சீனப் பீங்கான் மலை மாதிரி கிடக்கு, அதுல பெரிய பெரிய தட்டும் ஜாடியுமா ஒரு கூட்டம், மிங் பாணிக்கும் ஒட்டல. போப் அதோட வாழை இலை, தாமரை இலை, அலை, இதழ்க்கட்டம், மேகம் ஒவ்வொண்ணையும் பிரிச்சு எடுத்து டேவிட் ஜாடியோட வரிசைகளோட ஒப்பிட்டாரு. பொருந்துச்சு. 1952-ல அதை வெளியிட்டாரு. அடுத்து ஈரான்ல அர்தபில் தர்கா, 1611-ல ஷா அப்பாஸ் ஆயிரத்துக்கு மேல சீனப் பீங்கான் காணிக்கை கொடுத்த இடம், அதுலயும் இதே குடும்பத்துச் சாமான் முப்பது சொச்சம். 1956-ல அதையும் வெளியிட்டாரு. அதுக்கப்புறம்தான் "ஜீஜெங் வகை"ங்கிற பேரே புழக்கத்துக்கு வந்துச்சு.

இது ஏன் அசைக்க முடியாத வாதம்னா, கழுத்துல தேதி எழுத எந்தப் போலிக்காரனாலயும் முடியும், 62 எழுத்துக்கு 120 எழுத்து கூட எழுதுவான். ஆனா இஸ்தான்புல்லயும் அர்தபில்லயும் நூத்துக்கணக்கான வருஷமா பூட்டிக் கிடந்த சாமான்ல இருக்குற இலையோட வளைவையும் இதழோட கோட்டையும் 1920-கள்ல சீனாவுல உக்காந்துக்கிட்டு எவன் பாத்து வரைவான்? அப்ப அந்தச் சேகரிப்புகள்ல யுவான் சாமான் இருக்குன்னு யாருக்குமே தெரியாதே. அதோட அந்த விலாசம். போலி எழுதுறவன் விலை ஏத்துறதுக்கு ராஜா பேரு, அரண்மனைப் பேருன்னு போடுவான், சந்தையே மதிக்காத ஒரு வம்சத்தோட ஏதோ ஒரு வருஷத்துல, யாருக்கும் தெரியாத கிராமத்து ஆளோட தெரு வரைக்கும் எழுதி அவனுக்கு என்ன லாபம்? அந்த 62 எழுத்துல நான் முதல்ல நம்புறது தேதியை இல்ல, அந்தக் குடியிருப்போட பேரைத்தான்.

அப்புறம் மண்ணும் கடலும் சாட்சி சொல்ல ஆரம்பிச்சுது. கொரியாவோட சினான் கடற்கரையில 1976-ல இருந்து ஒரு மூழ்கின கப்பலை எடுத்தாங்க, உள்ள இருந்த மரச் சீட்டுல 1323-ன்னு தேதி, இருபதாயிரத்துக்கு மேல பீங்கான் சாமான், சீனாவுல இருந்து ஜப்பானுக்குப் போன சரக்கு, ஜிங்டெசென் சாமானும் அதுல உண்டு. நீல-வெள்ளை மட்டும் ஒண்ணு கூட இல்ல. 1323-ல ஏத்துமதிச் சரக்குல இல்லாதது 1351-ல இந்த உச்சத்துல நிக்குதுன்னா நடுவுல ஒரு இருபத்தஞ்சு முப்பது வருஷத்துக்குள்ள என்னமோ பெருசா நடந்திருக்கு (ஜப்பான்காரங்க இதைக் கேக்கவே இல்லாம இருந்திருக்கலாம்னு ஒரு மறுப்பும் இருக்கு, அதையும் தள்ள முடியாது). 1980-ல ஜியாங்ஷி மாகாணத்து காவ்ஆன்ல சாமானைப் பதுக்கி வெச்ச ஒரு குழி கிடைச்சுது, அதுல யுவான் நீல-வெள்ளை 19, டிராகன் போட்ட மூடி ஜாடிகளும் சேர்த்து. சீன மண்ணுக்குள்ளயே இருந்து வந்ததால அதுக்கப்புறம் முணுமுணுப்பு ரொம்பவே குறைஞ்சுது.

இந்தியாவுக்கும் இதுல நேர் சம்பந்தம் உண்டு. டெல்லியில ஃபிரோஸ் ஷா துக்ளக் அரண்மனை இருந்த இடத்துல நொறுங்கின நிலையில யுவான் காலத்துச் சீனச் சாமான் எழுபது சொச்சம் கிடைச்சுது, பெரும்பாலும் நீல-வெள்ளை பெரிய தட்டு. ஃபிரோஸ் ஷா பட்டத்துக்கு வந்ததும் அதே 1351. நம்ம ராமநாதபுரம் பெரியபட்டினத்துல நொபுரு கராஷிமா தலைமையில ஜப்பான்-தமிழ்நாட்டு அறிஞர்கள் தேடினப்பவும் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் சில்லுகள் நிறைய கிடைச்சுது. சீனக் கப்பல் சரக்கு நம்ம கரையில தங்கித்தான் மேற்கே போயிருக்கு.

அந்த மேற்குல இருந்து திரும்பி வந்ததுதான் நீலம். யுவான் காலத்து நல்ல சாமான்ல இருக்குற கோபால்ட்டைச் சோதிச்சா இரும்பு அதிகம், மாங்கனீஸ் கம்மி. சீனாவுல கிடைக்கிற கோபால்ட் இதுக்கு நேர் மாறு, மாங்கனீஸ் தூக்கலா இருக்கும். அதனால இது ஈரான் பக்கத்துச் சரக்குன்னு எடுத்துக்குறாங்க, காஷான் பக்கத்துல கம்சர்ங்கிற ஊர்ல கோபால்ட் கிடைக்கிறதை 1301-லயே பாரசீகக் குயவர் குடும்பத்து ஆள் ஒருத்தர் எழுதி வெச்சிருக்காரு. கண்ணால பாக்கவும் ஒரு அடையாளம் உண்டு: தூரிகை நின்ன இடத்துல சாயம் தேங்கி, இரும்பு கிளேஸ் மேல வரைக்கும் வந்து, கருப்பா துருப்புள்ளி மாதிரி நிக்கும், வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா அந்த இடம் லேசா குழிஞ்சு உலோகம் மாதிரி மின்னும். பிற்காலத்துல இதையே அழகுன்னு நினைச்சு 18-ஆம் நூற்றாண்டு ஆட்கள் வேணும்னே புள்ளி புள்ளியா தொட்டு வெச்சிருக்காங்க, அது வரிசையா அழகா விழுந்திருக்கும், அதுலயே மாட்டிக்குவாங்க.

இப்ப இடிக்கிற விஷயம். யுவான் நீல-வெள்ளையோட காலவரிசை பெரும்பகுதி இந்த ஒரே ஜோடி மேல தொங்குது. ஒரு ஜாடி டேவிட் ஜாடி மாதிரி இருந்தா "14-ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி"ன்னு சீட்டு ஒட்டிடுறாங்க. 1335-ல செஞ்சதா, 1365-ல செஞ்சதா, மிங் வந்தப்புறம் அதே சூளைக்காரன் அதே பழக்கத்துல செஞ்சதா, பிரிச்சுச் சொல்ற அளவுக்குத் தேதி போட்ட சாமான் நம்மகிட்ட இல்ல. பாணி ஒரே வருஷத்துல பிறந்து ஒரே வருஷத்துல சாகாது. அதனால ஏலப் பட்டியல்ல "சுமார் 1350"ன்னு இருந்தா அதை இந்த ஜாடிக்குப் பக்கத்து வீடுன்னு எடுத்துக்கலாம், பிறந்த தேதின்னு எடுத்துக்கக் கூடாது.

இதுக்கு நேர் எதிரா ஒரு சமீபத்துச் சம்பவம், 2022 அக்டோபர், பாரிஸ் பக்கத்துல ஃபோந்தேன்ப்ளோ. ஒரு குடும்பத்து வீட்டுல இருந்த நீல-வெள்ளை ஜாடி ஏலத்துக்கு வருது, உருண்டை வயிறும் நீளக் கழுத்துமா 54 செ.மீ., மேகத்துக்கு நடுவுல டிராகன்கள். ஏலக் கம்பெனியோட நிபுணர் 20-ஆம் நூற்றாண்டுச் சாமான்னு சொல்லி 1,500-ல இருந்து 2,000 யூரோன்னு மதிப்புப் போட்டாரு. கண்காட்சிக்கு வெச்சப்பவே ஆட்கள் விளக்கும் பூதக்கண்ணாடியுமா வந்து குவிஞ்சாங்க. கடைசியில சுத்தியல் விழுந்தது 77 லட்சம் யூரோவுல, கமிஷன் எல்லாம் சேர்த்து 91 லட்சம். வாங்க வந்தவங்க 18-ஆம் நூற்றாண்டுன்னு நம்பியிருக்காங்க. நிபுணர் அப்பவும் தன் பேச்சை மாத்திக்கல, வேலை போச்சு. இத்தனை பேர் போட்டி போட்டாங்க, ஒத்தை ஆள் சொல்றது எப்படி சரியாகும்ங்கிறது கம்பெனி தரப்பு நியாயம்.

எனக்கு இந்த நியாயம் கொஞ்சம் கூட ஒத்துக்கல. போட்டி போட்டவங்க சொன்னது சரியாவே இருக்கலாம், அது வேற விஷயம். ஆனா எத்தனை கை தூக்குச்சுங்கிறது ஒரு பொருளோட வயசுக்குச் சாட்சி ஆகாது. டேவிட் ஜாடி விஷயத்துல கூட்டம் அந்தப் பக்கம் நின்னுச்சு, தனி ஆள் ஹாப்சன் சொன்னதுதான் சரியா இருந்துச்சு, ஆனா அவர் சொன்னதால அது சரி ஆகல, போப் ரெண்டு நாட்டுச் சேகரிப்பை அக்குவேறா பிரிச்சுக் காட்டினதாலதான் ஆச்சு. ஃபோந்தேன்ப்ளோ ஜாடிக்கு அந்த மாதிரி உக்காந்து ஒப்பிட்ட வேலை எதுவும் பொதுவுல நான் பாக்கல, விலைதான் பாத்தேன்.

வீட்டுல டிராகன் ஜாடி இருக்கு, அடியில காங்ஷி (சிங் வம்சத்து ராஜா ஒருத்தர்) முத்திரை இருக்குன்னு கேக்கிறவங்களுக்கும் இதேதான் பதில். அடி முத்திரை ஒரு பேச்சு, அவ்வளவுதான். காங்ஷி காலத்துக்காரனே மரியாதைக்கு இருநூறு வருஷம் முந்தின மிங் ராஜா செங்குவாவோட முத்திரையைப் போட்டிருக்கான், 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில செஞ்சதுல காங்ஷி முத்திரை சர்வ சாதாரணம். முத்திரையைக் கடைசியா பாருங்க. முதல்ல கால் வளையத்துல கிளேஸ் இல்லாத மண்ணோட நிறம், ஒட்டுன இடம், நீலம் தேங்கின விதம், டிராகனோட கழுத்துல இருந்து தோளுக்குக் கோடு எப்படி இறங்குதுங்கிறது, அப்புறம் காலம் உறுதியான ஒரு ஜாடியோட படத்தைப் பக்கத்துல வெச்சு ஒப்பிடுங்க.

டேவிட் சேகரிப்பு 1952-ல இருந்து லண்டன் ப்ளூம்ஸ்பரியில ஒரு தனி வீட்டுல இருந்துச்சு, 2007 கடைசியில அதை மூடி, 2009-ல பிரிட்டிஷ் மியூசியத்துக்கு இரவலா கொண்டு வந்தாங்க. 2024 நவம்பர்ல மொத்தம் 1,700 சாமானையும் மியூசியத்துக்கே கொடுக்கிறதா அறக்கட்டளை அறிவிச்சுது, மதிப்பு கிட்டத்தட்ட 100 கோடி பவுண்டுன்னு சொன்னாங்க. இதுல தீராத பாக்கி ஒண்ணுதான். ஜாங் வென்ஜின் கொடுத்த செட்டுல ஜாடியோட சேர்ந்த தூபக்கால் இதுவரைக்கும் எங்கயும் கிடைக்கல. நாளைக்கே எவனாவது "கிடைச்சிருச்சு"ன்னு அதே 62 எழுத்தோட ஒண்ணைத் தூக்கிக்கிட்டு வந்தா, இப்ப அந்த எழுத்து உலகத்துக்கே தெரியும், அதனால அது ஒரு சாட்சியும் ஆகாது, மண்ணையும் கோபால்ட்டையும் சோதிச்சுட்டுத்தான் பேசணும்.